அரைப் பேர் அழகம்மாவுக்கு அரைநாள் மின்சாரம்

வாருங்கள், தோழர்களே! கலவான நகரைத் தாண்டி மேலேறும் பாதையில், மழை அரித்த பள்ளங்களைக் கடந்து, எல்ப்ரூக் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு வாருங்கள். அங்கே நடப்பதைக் கண்ணால் பாருங்கள், காதால் கேளுங்கள். பார்த்த பிறகு, 'எனக்குத் தெரியாமல் போயிற்றே' என்று சொல்லித் தப்பும் வசதி உங்களுக்கு இருக்காது. அந்த வசதியைப் பறிப்பதற்காகவே இந்த அழைப்பு.

அந்த லயத்தின் ஒரு காம்பராவில், ஓர் ஒற்றையறை வீட்டில், நாகலிங்கம் என்பவர் மூச்சுக்காகப் போராடுகிறார். அவருக்கு எதிரே ஓர் அலுவலகம் நிற்கிறது. அது புன்னகை பூத்த முகத்தோடு நிற்கிறது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

அந்த அலுவலகத்தின் முழுப் பெயர் 'மின் நிலுவை அறவீட்டு மேன்மை மன்றம்'. மின்சாரம் தருவது அதன் வேலையன்று. மின்சாரத்துக்குப் பணம் வாங்குவதுகூட அதன் வேலையன்று. அதற்கு வேறு கருமபீடம் உண்டு. வராத பணத்தை வரவைப்பதற்கென்றே பிறந்தது மன்றம். பணம் வராத இடங்களில் அது மேன்மையை வரவைக்கிறது.

மன்றம் அண்மையில் கண்டுபிடித்த திட்டம் ஒன்று உண்டு. அதற்கு 'பெயர் ஒருமைப்பாடு' என்று பெயர். கடன்பட்டவர் ஊரில் இல்லையென்றால், அதே ஊரில் அதே பெயரோடு இருக்கும் இன்னொருவரிடம் அந்தக் கடன் ஒப்படைக்கப்படும். தேடும் செலவு மிச்சம், கடனும் அநாதையாகாது. இத்தகைய கருணை உலகின் எந்த மூலையிலாவது உண்டா, தோழர்களே?

அந்தக் கருணைதான் ஒரு திங்கட்கிழமை காலை எல்ப்ரூக் தோட்டத்துக்கு வண்டியேறி வந்தது. தொழிலாளர் வேலைக்குப் பிரியுமுன் கூடி நிற்கும் பெரட்டுக்களத்தில், ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று வந்து நின்றது. முதலில் மன்றத்தின் கீதம் ஒலித்தது. கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள், யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் என்று எண்ணி அமைதியானார்கள். கீதம் முடிந்ததும் வேனிலிருந்து றம்ஸீன் இறங்கினார். மாவனல்லை ஊர்க்காரர், மன்றத்தின் வெளிக்கள உத்தியோகத்தர், கையில் ஒலிவாங்கி.

"கௌரவத்துக்குரிய நிலுவையாளர்களே!" என்று அவர் தொடங்கினார். அந்தச் சொல்லும் மன்றம் வகுத்துக் கொடுத்ததே. "எல்ப்ரூக் தோட்டத்து அழகம்மா, தயவுசெஞ்சு முன்னுக்கு வாங்க."

முன்னே போன அழகம்மா நாற்பது கடந்தவள். கொழுந்து பறிப்பவள். யாருடைய வாசலிலும் கடனென்று நின்று பழகாதவள். அத்தனை பேர் பார்வையும் முதுகில் ஏற, அவள் ஒலிபெருக்கியின் கீழே நின்றாள்.

"ஏண்டி அழகு, கரண்ட கொழம்பு வச்சித் தின்னியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பக்கத்துக் காம்பராத் தனுஜாவின் குரல்தான். சிரிப்பு எழுந்தது. அழகம்மா சிரிக்கவில்லை.

"தம்பி, எங்க வீட்ல ரெண்டு பல்பு, ஒரு மெசினு. மாசாமாசம் கட்டிட்டுத்தாங்க இருக்கேன். காசு கட்டின துண்டு எல்லாம் இருக்கு."

"அது ஒங்கட பழைய கணக்கு அக்கா. இது புதுசா வந்தீக்கிற கணக்கு." றம்ஸீன் ஒலிவாங்கியைத் தாழ்த்த மறந்துவிட்டார், அவர் சொன்னது மலை முழுவதும் கேட்டது. "மேட்டு லயத்து வீடு. பல வருஷத்து நிலுவை."

"அது மேட்டு லயத்து அழகம்மாங்க! அவங்க மக வீட்டோட வத்தளைக்குப் போயிட்டாங்க. அந்தக் காம்பராவுல கூரையே இல்ல."

"அவங்க இல்லதானே அக்கா?"

"இல்லங்க."

"நீங்க ஈக்கிறீங்கதானே?"

அழகம்மாவால் மறுக்க முடியவில்லை. அவள் இருக்கத்தான் இருந்தாள்.

றம்ஸீன் சிவப்புத் தாள் ஒன்றை நீட்டினார். அது முழுவதும் சிங்களத்தில் இருந்தது. "எனக்குப் பேச்சு வரும் தம்பி, எழுத்து வராது" என்றாள் அவள்.

"தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புல ஈக்கிது. கட் பண்ணின பொறகு வந்து சேரும்" என்றார் அவர். அவர் முகத்தில் கேலி இல்லை. மன்றத்தின் நடைமுறையை உள்ளபடி சொன்னார்.

வார முடிவுக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். தாளின் சாரம் அவ்வளவுதான்.

அழகம்மாவின் கணவர் நாகலிங்கம் இளமையில் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் வேலை செய்தவர். அந்த அறையின் தூசி இந்த நாட்டின் புகழை உலகெங்கும் கொண்டு சென்றது. மிச்சம் அவர் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. மழைக்காற்று இறங்கும் பிற்பகல்களில் அவருக்கு மூச்சு இழுக்கும். போன வருடம் அப்படி இழுத்தபோது, கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவே கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "கொஞ்சம் பிந்தியிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். அதன் பிறகுதான் அழகம்மா சீட்டு எடுத்து அந்த மூச்சு மெசினை வாங்கினாள். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே நெஞ்சுக்குள் செலுத்தும் சின்னப் பெட்டி. அது மின்சாரத்தில் ஓடுகிறது. நாகலிங்கம் அதில் ஓடுகிறார். மன்றம் துண்டிக்க வந்தது எதை என்று இப்போது புரிகிறதா?

"கடன்காரி வந்துட்டாளா?" என்றார் நாகலிங்கம் அன்று மாலை, முகமூடியைக் கழற்றிவிட்டு. "ரேடியோவுல சொன்ன மாதிரி கேட்டிச்சே. கலியாணத்தன்னைக்கிகூட ஒம்பேர இவ்வளவு சத்தமா யாரும் சொல்லலியே."

"பேசாதீங்க. மூச்சு வாங்குது."

"வாங்குனா வாங்கட்டும். அதுக்கும் பில்லு போட்டுருவானுங்க."

மறுநாள் காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கங்காணியிடம் சொல்லிக்கொண்டு, அழகம்மா மன்றம் இருக்கும் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினாள்.

மன்றத்தின் மண்டபத்தைப் பார்த்தால் கோயில் என்று செருப்பைக் கழற்றத் தோன்றும். அழகம்மா கழற்றினாள். யாரும் தடுக்கவில்லை. சுவரில் பொன்னிறச் சட்டகத்தில், மின்சாரம் பயன்படுத்துவோருக்கான 'பாவனையாளர் உரிமைப் பட்டயம்' மாட்டப்பட்டிருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். நம் நாட்டில் எதற்கு மாலை போட்டுச் சட்டகத்தில் மாட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

மேடைபோல் உயர்ந்த மேசையின் பின்னே பணிப்பாளர் கிருஷ்ணகுமார் அமர்ந்திருந்தார். கொழும்பிலே பயின்றவர். பேசினால் அச்சுப் பிழையின்றிப் பேசுவார். துண்டிப்பு விசாரணை தொடங்குமுன் பட்டயத்தை வாசிப்பது மன்றத்தின் மரபு. மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் உருக்கமாக வாசித்தார். றம்ஸீன் அழகம்மாவின் அருகே வந்து, மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"ஒங்களுக்கு வெளங்குற பாஷையில கடிதம் தர வேணுமாம். அது ஒங்கட உரிமையாம்."

"அப்படீங்களா?"

"பில்லு பிழையெண்டா நீங்க மறுக்கலாமாம். விசாரணை முடியுற வரைக்கும் கட் பண்ண ஏலாதாம்."

"சரிங்க, சரிங்க."

"வீட்டுல நோயாளி ஈந்தா, கட் பண்ணவே ஏலாதாம்."

அழகம்மாவின் கண் கலங்கிவிட்டது. இத்தனை நல்லவர்களைப் பற்றி வழி நெடுகத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. வாசிப்பு முடிந்து எல்லோரும் அமர்ந்ததும் அவள் மட்டும் நின்றாள்.

"ஐயா, எனக்கு அந்த மூணும் வேணுங்க."

மண்டபம் திடுக்கிட்டது. பேனாக்கள் நின்றன. மன்றத்தின் வரலாற்றில் எவரும் அப்படிக் கேட்டதில்லை.

பணிப்பாளர் கனிவோடு சிரித்தார். "அம்மா, தங்களுக்கு உரிமைகள் வழங்கப்பட்டுவிட்டன. இப்பொழுதுதான் வாசிக்கப்பட்டன. தாங்கள் எழுந்து நின்று பெற்றுக்கொண்டீர்கள். ஒரே நாளில் இருமுறை வழங்க விதியில்லை."

"இல்லங்க ஐயா, அந்தக் கடன் என்னோடது இல்ல. அத மறுக்கத்தான் வந்தேன்."

"மறுப்பது தங்கள் பிறப்புரிமை. தடுக்க நான் யார்? ஆயினும் ஒரு சிறு ஒழுங்கு உண்டு. உரிமைகளைப் பயன்படுத்த, பாவனையாளர் நிலுவையற்றவராக இருத்தல் வேண்டும். கடனைக் கட்டிவிட்டு வாருங்கள். வந்து அது தங்களுடையதன்று என்று சொல்லுங்கள். நாங்கள் முழு மனத்தோடு நம்புவோம்."

"அந்தக் காம்பரா பூட்டிக் கெடக்குதுங்க. கூரை விழுந்திருச்சி. அங்க யாருங்க கரண்டு பாவிச்சது?"

"சிந்தித்துப் பாருங்கள், அம்மா. ஆள் இருக்கும் வீட்டில் விளக்கை அணைக்க ஆள் உண்டு. ஆளில்லா வீட்டில் அணைப்பது யார்? அணைக்க எவருமில்லையெனில், அது இரவும் பகலும் எரிந்ததாகவே நாங்கள் கொள்ள வேண்டியிருக்கிறது. இதில் எங்களுக்கு மகிழ்ச்சியா?"

சுற்றியிருந்த அதிகாரிகள் தலையசைத்தார்கள். ஒருவர் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார்.

இப்போதுதான், தோழர்களே, உலகில் வேறெங்கும் நடக்கமுடியாத அந்தத் தவறு நடந்தது. கவனமாகக் கேளுங்கள்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாட்சம்பளம். நாள் முழுதும் உழைத்தால் ஒரு பேர் விழும்; பாதி நாளில் மலையைவிட்டு இறங்கினால் அரைப் பேர் விழும். மூன்று தலைமுறையாக அங்கே மனிதர்களின் பெயர் கூலியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நகரத்து மேசைகளுக்கு இது தெரியாது. அங்கே பெயர் என்றால் பெயர்.

பணிப்பாளர் றம்ஸீனைப் பார்த்து, "இறுதியாகக் கேளும். முழுப் பெயரையும் ஏற்றுக்கொள்கிறாரா?" என்றார்.

றம்ஸீன் திரும்பினார். "அக்கா, முழுப் பேருமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிறதே, மழை இருட்டுகிறதே, தனியாக இருக்கும் மனிதனுக்கு இந்நேரம் இழுக்குமோ என்று தவித்துக்கொண்டிருந்தவள், தன் வேலையைத்தான் விசாரிக்கிறார் என்று எண்ணினாள். அலுவலகத்தில் ஒருவராவது அதை விசாரிக்கிறாரே என்ற நன்றியோடு பதில் சொன்னாள்:

"இல்லங்க தம்பி. அரைப் பேருதான். எனக்கு அது போதுங்க."

"அரைப் பேர ஒத்துக்கிறாங்க சேர்" என்றார் றம்ஸீன்.

பணிப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஒப்புக்கொள்பவர்களை அவர் கண்டிருக்கிறார், மறுப்பவர்களையும் கண்டிருக்கிறார். தன் பெயரில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்ளும் குடிமகளை அன்றுதான் கண்டார். பதிவு செய்யச் சொன்னார். அழகம்மாவை அன்போடு வழியனுப்பினார். மன்றத்தின் ஆட்சிக்குழு உடனே கூடியது.

ஆட்சிக்குழுவில் ஆழ்ந்த விவாதம் நடந்தது. பாதிப் பெயரை ஏற்றவரைப் பாவனையாளர் என்பதா? மீதிப் பாதி யார்? முடிவில் 'பாதிப் பாவனையாளர்' என்ற புதிய வகுப்பு உருவாக்கப்பட்டது. கடனைப் பாதியாக்கலாமே என்று விவரமறியாத ஒருவர் கேட்டாராம். கடனைப் பகுக்க விதியில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். மின்சாரத்தைப் பகுக்க விதி உண்டு. ஆகவே கடன் முழுதாக நின்றது, மின்சாரம் பாதியாயிற்று. காலையில் இணைப்பு, நண்பகலில் துண்டிப்பு. ஒவ்வொரு நாளும் மீளிணைப்புக் கட்டணம் அறவிடப்பட்டு நிலுவையில் சேர்க்கப்படும்.

அழகம்மா மலையில் நிற்கும் நேரத்தில் அவள் வீட்டுக்கு மின்சாரம் உண்டு. மழை இறங்கி நாகலிங்கத்துக்கு மூச்சு இழுக்கும் நேரத்தில் இல்லை. மன்றம் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. திட்டமிட்டிருந்தால் எங்கேயாவது பிழைத்திருக்கும்.

முதல் நண்பகல். ஏணிக்காரனோடு றம்ஸீன் வந்தார். வீட்டுக்கு வரும் கம்பியைத் தூணில் கழற்றிவிட்டு, காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மழை முந்திக்கொண்டது. நாகலிங்கம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்புகள் புடைத்து ஏறி ஏறி இறங்கின. அழகம்மா வெந்நீர்ச் சட்டியை அவர் முகத்தருகே பிடித்துப் போர்வையால் மூடினாள். பேச்சு வரவில்லை அவருக்கு. விரலால் மெசினைக் காட்டினார்; பிறகு விரலை மடக்கிக்கொண்டார். அவள் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மழை விட்ட பிறகுதான் இழுப்பும் கொஞ்சம் விட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது.

மறுநாள் காலை இணைப்புக் கொடுக்க வந்த றம்ஸீனை, தனுஜா வாசலிலேயே மறித்தாள்.

"யோவ் நானா, நில்லுய்யா. அந்த மனுசன் நேத்து போயிச் சேந்திருப்பாரு. எந்தப் புத்திசாலிய்யா அரைநாள் கரண்டுன்னு எழுதுனது?"

"அவங்கதானே தங்கச்சி ஒத்துக்கிட்டது. அரைப் பேருண்டு அவங்கட வாயால செல்லினாங்க."

தனுஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அரைப் பேருன்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு? அரைநாள் சம்பளம்! ஒன்னோட ஆபிசுக்கு வந்ததுக்கு அவளுக்கு அரைநாள் சம்பளம் போச்சி. அதச் சொல்லிருக்கா. அத எழுதி வச்சிக்கிட்டு, அவ புருசன் மூச்ச புடுங்குறீங்களே!"

ஏணிக்காரன், "மேல ஏறவா?" என்பதுபோல் றம்ஸீனைப் பார்த்தான், அவர் கவனிக்கவில்லை. "யா அல்லாஹ்" என்று மட்டும் அவர் வாயில் வந்தது. பிறகு உள்ளே நின்ற அழகம்மாவைப் பார்த்து, "அக்கா, வாங்க. கிளினிக்ல கடிதம் ஒண்டு எடுத்துக்கிட்டு எனக்கிட்ட வாங்க. நான் சேருக்கிட்ட செல்றேன்" என்றார்.

சொன்னபடியே சொன்னார். அழகம்மா கைகட்டி நிற்க, பணிப்பாளரின் மேசை முன்னே அவர் 'பேர்' என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் என்ன பொருள் என்று விளக்கினார். பணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் பதிவு பிழை என்கிறீரா?"

"பிழைதான் சேர். கேட்டது நான். பிழை எனக்கிட்டதான்."

"இல்லை, றம்ஸீன். பணிவு நல்லதே, ஆனால் உண்மைக்கு மாறாகப் பணியக் கூடாது. மன்றத்தின் பதிவில் பிழை நேராது. ஆகவே பிழை அந்தச் சொல்லில்தான் இருக்க வேண்டும். தோட்டங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவோம். இனிமேல் பேர் என்றால் பெயர் மட்டுமே."

அழகம்மா கிளினிக் கடிதத்தை நீட்டினாள். பணிப்பாளர் அதை இருமுறை வாசித்தார்.

"மின்சாரம் இல்லாவிடில் மூச்சு நிற்கக்கூடும் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். 'கூடும்', அம்மா. கூடும் என்பது அனுமானம். அனுமானத்தின் மீது ஒரு பொது நிறுவனம் இயங்க முடியாது. மூச்சு நின்றதும் உரிய சான்றிதழோடு வாருங்கள். அன்றே, அந்த நிமிடமே விலக்கு வழங்குவேன். மனித உயிர் சம்பந்தப்பட்ட விடயத்தில் மன்றம் ஒருபோதும் தாமதித்ததில்லை."

"நின்னு போன பொறகு எனக்கு எதுக்குங்க ஐயா கரண்டு?"

"அதுதான் விலக்கின் அழகு. கேட்பவர் மிகக் குறைவு."

இதைக் கேட்டபோது அழகம்மா அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஐயா, நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு கேக்குறேன். எங்கிட்ட தமிழ்ல ஒரு கடுதாசி குடுத்தீங்களா? இல்ல. கடன் என்னோடதுன்னு ஒரு துண்டு காட்டுனீங்களா? இல்ல. மறுத்தா விசாரிக்கிற வரைக்கும் வெட்ட மாட்டோம்னு நீங்கதாங்க எந்திரிச்சி நின்னு படிச்சீங்க. படிச்சது யாருக்குங்க?"

பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த உணர்ச்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது" என்றார். "அடுத்த வாரம் மேன்மை வாரம். தங்கள் தோட்டத்துக்கு நானே நேரில் வருகிறேன்."

வந்தார். அரைநாள் இணைப்புகளின் கட்டணங்கள் சேர்ந்து நிலுவை பெருத்துவிட்டதால், அரைநாளையும் நிறுத்தி முழுத் துண்டிப்பு நடத்த வந்தார். கூடவே பதாகை வந்தது, புகைப்படக்காரர் வந்தார், குடை பிடிக்க ஒருவர் வந்தார். அன்று மழையும் நண்பகலுக்கு முன்பே வந்தது. கீழ் லயத்தில் ஆறு காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கின்றன. ஓரத்துக் காம்பராவில் நாகலிங்கம் முகமூடியோடு சாய்ந்திருந்தார். மெசின் உறுமிக்கொண்டிருந்தது. அன்றைய இழுப்பு, முந்தைய எல்லா இழுப்புகளையும்விடக் கடுமையாக இருந்தது.

குடையின்கீழ் நின்று பணிப்பாளர் உரையாற்றினார். "மின்சாரம் என்பது ஒளி. ஒளி என்பது ஒழுக்கம். இருட்டில் சிறிது காலம் இருப்பவர்கள்தாம் ஒளியின் அருமையை உணர்வார்கள். ஆகவே துண்டிப்பைத் தண்டனை என்று கருத வேண்டாம். அது எமது கல்விச் சேவை." பதாகைக்காரர் கைதட்டினார். ஏணிக்காரன் ஏறினான். கம்பி கழன்றது.

மெசின் நின்றது.

அந்த அமைதியில் நாகலிங்கத்தின் நெஞ்சு கிழியும் ஓசை வாசல்வரை கேட்டது. அழகம்மா உள்ளே ஓடினாள். அதே நொடியில், கூரையை எட்டாத நடுச்சுவருக்கு மேலாக வயர் ஒன்று பாம்புபோல் இறங்கியது. "புடி அழகு! சொருவு!" என்றாள் தனுஜா சுவருக்கு அப்பாலிருந்து. மெசின் மறுபடி உறுமியது.

"மின்சாரத்தைப் பகிர்வது திருட்டு" என்றார் பணிப்பாளர். "பக்கத்து வீட்டையும் துண்டியும்."

துண்டித்தார்கள். மெசின் நின்றது. தனுஜாவின் காம்பராவுக்கு அடுத்த காம்பராவிலிருந்து இன்னொரு வயர், அவள் வயரோடு வந்து சேர்ந்தது. மெசின் உறுமியது. அதையும் துண்டித்தார்கள். நாலாவது காம்பராக்காரர் வீட்டில் இருந்த மின்விசிறியின் வயரையே அறுத்து முறுக்கிக் கொடுத்தார். அதுவும் போயிற்று. ஒவ்வொரு துண்டிப்புக்கும் நடுவே நாகலிங்கத்தின் மூச்சு ஒரு கயிற்றில் தொங்கியது. ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு மெலிந்தது. அழகம்மா முகமூடியை இரு கைகளாலும் அவர் முகத்தில் அழுத்திப் பிடித்தபடி, "வருது, வருது, இந்தா வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புகைப்படக்காரர் படமெடுப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். ஐந்தும் போயின. லயத்தின் ஐந்து வீடுகளும் பட்டப்பகலில் இருண்டன.

ஆறாவது காம்பராவிலிருந்து வயர் வந்தது. மெசின் உறுமியது. ஏணியைக் கடைசித் தூணில் சாத்தினார்கள்.

"இது யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று வழக்கம்போல் கேட்டார் பணிப்பாளர்.

றம்ஸீன் அந்தக் காம்பராவின் மின்மானியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு, வேலையில் சேர்ந்த நாள் முதல் சிரிக்காத அவர், சிரித்துவிட்டார்.

"இது புள்ளக் காம்பரா சேர். கொழுந்துக்குப் போற தாய்மாரு பிள்ளைகள விடுற எடம். தோட்டத்துட மானி. தொரைட பேருல ஈக்கிது. லயத்துல எல்லாரையும் சேத்தாலும், இந்த மானிட நிலுவையில கால்வாசிக்கு வராது."

பணிப்பாளர் ஒரு கணம் மழையைக் கவனித்தார். "இறங்கும்" என்றார் ஏணிக்காரனிடம். குரலே மாறிவிட்டது. பட்டயம் முழுவதும் அவர் நாவில் தானாக வந்தது. சட்டகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "எழுத்து மூல அறிவித்தல் இன்றித் துண்டிக்க முடியாது. தோட்டத்துரை ஆங்கிலத்தில் வாசிப்பவர். ஆங்கிலத்தில் அறிவித்தல் வேண்டும். அவர் இந்தத் தொகையை மறுக்கவும் கூடும். விசாரணை முடியும்வரை தொடுவது தவறு. மேலும் அது குழந்தைகள் இருக்கும் இடம். நாம் மனிதர்களல்லவா?"

"நிற்கக் கூடும், மறுக்கக் கூடும்..." என்று றம்ஸீன் முணுமுணுத்தார். "அந்தக் 'கூடும்' ஆகாது. இந்தக் 'கூடும்' ஆகும்."

"வயரை வெட்டும், றம்ஸீன். உள்ளே போய்க் குறட்டால் வெட்டும்."

றம்ஸீன் கம்பி வெட்டும் குறடு ஒன்றைக் கையில் எடுத்தார். வாசலில் தனுஜா நின்றாள்; அவள் பின்னே மற்றக் காம்பராப் பெண்களும் நின்றார்கள். அவர்களுக்கிடையே உள்ளே இருந்த அழகம்மாவின் முதுகு தெரிந்தது. அவர் குறட்டைப் பணிப்பாளரின் கையில் வைத்தார்.

"வயரு மன்றத்துட சாமான் இல்ல சேர். இவங்கட. எனக்கு ஏலாது. நீங்க வெட்டுங்க."

பணிப்பாளர் கையிலிருந்த குறட்டைப் பார்த்தார். வாழ்நாள் முழுதும் வெட்டச் சொன்னவர், வெட்டியவரல்லர். நனைந்துபோன பதாகையின்கீழ் நின்று தொலைபேசியை எடுத்து, இரத்தினபுரியிலிருந்து மன்றத்தின் விசேட அறவீட்டு அணியை அனுப்பும்படி சொன்னார். ஜீப் ஒன்று வருகிறது என்றார்.

தோழர்களே! எந்த மன்றமானாலும் வாசலுக்கு வந்து பணம் கேட்டால், யாருடைய கடன் என்று கேளுங்கள். ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள், உங்கள் மொழியில் கேளுங்கள். மறுப்பை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். விசாரணை முடியாமல் ஏணி ஏறினால், ஏணியின் அடியில் நில்லுங்கள். தனியே நிற்க அஞ்சினால் லயமாக நில்லுங்கள். உங்கள் தெரு லயம் இல்லையென்றால் அதை லயமாக்குங்கள்.

அதெல்லாம் நாளைக்கு. இன்று செய்யவேண்டியது வேறு. இரத்தினபுரியிலிருந்து கலவானக்கு மழையில் ஜீப் மெதுவாகத்தான் வரும். புள்ளக் காம்பராவிலிருந்து லயத்து வீடுகளின் வயர்கள் முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து ஒரு மனிதனின் நெஞ்சுவரை போயிருக்கின்றன. வாசலில் சில பெண்கள் நிற்கிறார்கள், அவர்கள் போதமாட்டார்கள். ஜீப் புறப்பட்டுவிட்டது. எழுந்திருங்கள். அதற்கு முன்னே நீங்கள் போய்ச் சேருங்கள்.